படகைக் கேட்டார்கள், பஸ்ஸைக் கேட்கவில்லை

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் என்றால், தைத்து வந்த பீஸைத் திருப்பிப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் செக்கிங் என்றால், முகாம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று அதிகாரியிடம் காட்டுவது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன இழப்பு என்று நான் பார்த்த எந்தத் திட்டத் தாளிலும் எழுதியிருந்ததில்லை. இருபது வருடத்துக்கு மேல் இரண்டு செக்கிங்கிலும் நின்றிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

1990-இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தபோது எனக்கு எட்டு வயது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் சில வாரம் வைத்திருந்துவிட்டு எங்களை ஈரோடு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அப்பா கடல் தொழில் செய்தவர். வந்து இறங்கிய ஊரில் வாய்க்காலும் மஞ்சளும் தென்னையும்தான். முதல் வாரமே ஒரு தோட்டக்காரம்மா வந்து, "காட்டு வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். அம்மா பயந்துபோய், "காட்டுக்குள்ள போய் நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் காடு என்றால் விளைநிலம் என்பது புரிய எங்களுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த அம்மாவும் சிரிக்காமல் நின்று விளக்கினார். அடுத்த நாளிலிருந்து அம்மா மஞ்சள் வெட்டுக்குப் போனாள். அப்பா பெயிண்டர் ஆனார்.

அப்பா மட்டுமில்லை. பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி, திருமூர்த்தி நகர், கரூர் ராயனூர் என்று கொங்குப் பக்கத்து எந்த முகாமுக்குப் போனாலும் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டர்கள்தான். மீன் பிடித்தவர், விவசாயம் பார்த்தவர், பள்ளிக்கூட வாத்தியார் என எல்லாருக்கும் ஒரே தொழில். காரணம் எளிது. பெயிண்டிங் வேலைக்கு யாரும் பேப்பர் கேட்பதில்லை. காலையில் போனால் சாயங்காலம் காசு. செக்கிங் நாளில் போகாவிட்டால் கூலிதான் போகும், வேலை போகாது. அகதிக்கு இருக்கும் கட்டுப்பாட்டுக்குள் அடங்குகிற வேலை எதுவோ, அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர், "இவர்களுக்கு வேறு திறமை இல்லை, பயிற்சி கொடுக்க வேண்டும்" என்று முடிவு செய்கிறார். தப்பு தொடங்குவது அங்கேதான்.

நான் பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில் பனியன் கம்பெனிக்குப் போனேன். முதலில் கைமடி, அதாவது டெய்லருக்குக் கூட நிற்கிற உதவி வேலை. அப்புறம் செக்கிங், கடைசி ஆறு வருடம் செக்கிங் சூப்பர்வைசர். இப்போது முகாமிலேயே பெண்கள் குழுக் கணக்கைப் பார்க்கிறேன். யாராவது ஆய்வு, திட்டம் என்று வந்தால் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள்.

சில வருடத்துக்கு முன் ஒரு தையல் பயிற்சி வந்தது. எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனதோடுதான் வந்தார்கள். முப்பது பெண்கள், மூன்று மாதம். கால் மிஷினில் ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் போட்டோ எடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு டிரையலுக்கு வந்தார்கள். அங்கே இருப்பது பவர் மிஷின். ஓவர்லாக், பேட்லாக். கால் வைத்தவுடன் துணியை இழுத்துக்கொண்டு ஓடும். துணியும் பின்னல் துணி, இழுத்தால் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். ஜாக்கெட் துணி பிடித்துப் பழகிய கைக்கு அது அடங்காது. ஒரு பெண், கைப்பகுதியைப் பாடியோடு சேர்க்கும்போது ஒரு பக்கம் ஓர் அங்குலம் மிச்சமாகி நின்றது. அவள் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சரிசெய்யப் பார்த்தாள். மாஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. "கைமடிக்கு வேணும்னா வாம்மா" என்றார். எட்டுப் பேரும் கைமடியாகத்தான் சேர்ந்தார்கள். பயிற்சி இல்லாமல் வந்திருந்தாலும் அதே வேலைதான் கிடைத்திருக்கும்.

அந்தப் பயிற்சிக்கு முன்னால் எங்களைக் கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டு, "உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்டார்கள். புதன்கிழமை பதினோரு மணிக்கு முகாமில் இருப்பவர்கள் வயதானவர்களும் பச்சைப்பிள்ளைத் தாய்மாரும். கம்பெனிக்குப் போகிற ஒருத்தியும் இல்லை. வந்தவர்களும் என்ன சொல்வார்கள்? எது கேட்டால் கிடைக்கும் என்று முப்பது வருடப் பழக்கத்தில் எங்களுக்குத் தெரியும். தையல், கம்ப்யூட்டர், அழகுக்கலை. இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் வந்தவர்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி. "எங்களைக் கலந்து பேசித்தான் திட்டம் போட்டோம்" என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் எங்கள் அனுபவம் அதில் ஒரு வரிகூட இல்லை.

2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகள், அதிகமாக்கிய உதவித்தொகை, பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், அதோடு 5,000 பேருக்குத் தொழிற்பயிற்சி. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அன்றைக்கு எங்கள் முகாம் லைனில் எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். எங்களை நினைத்துப் பார்த்ததற்கு அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. அதே நாளில் என் மனதில் ஓடியது, அந்த 5,000 பேருடைய பயிற்சியை யார் உட்கார்ந்து வகுக்கப் போகிறார்கள், அந்தப் புதன்கிழமைக் கூட்டம் மாதிரியே ஆகிவிடுமோ என்பதுதான்.

அதற்கப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும், கோயமுத்தூரில் சமூகப்பணி படித்தவள். வழக்கம்போல, "அக்கா, நீங்க படகுல வந்த கதையச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள். நான் சொன்னேன்: "தங்கச்சி, அந்தப் படகில் நான் ஏறினது ஒரு ராத்திரி. கம்பெனி பஸ்ஸில் இருபது வருஷமா ஏறினேன். அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை." அவள் நோட்டை மூடிவிட்டாள். கோபப்பட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்க்கா, நேத்துக் காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை பதினாலு பெண்களைக் கூட்டினோம். ஒவ்வொருத்தியும் நேற்றைய பொழுதைச் சொல்ல, சார்ட் பேப்பரில் மணிவாரியாக எழுதினோம். நாலரைக்கு எழுந்திருப்பது. தண்ணீர் விடுகிற நாளாக இருந்தால் நாலு மணி. ஆறே முக்காலுக்கு மெயின் ரோட்டில் கம்பெனி வண்டி. முகாமிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், நடை. எட்டரைக்கு வேலை ஆரம்பம். ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரை. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை. வீடு வந்து சேரப் பத்தைத் தாண்டிவிடும், அந்த இரண்டு கிலோமீட்டரையும் இருட்டில் நடந்து.

அப்புறம் மாதக் கணக்கைப் போட்டோம். செக்கிங் நாளில் அதிகாரி எத்தனை மணிக்கு வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. பத்து மணிக்கும் வரலாம், இரண்டு மணிக்கும் வரலாம். அவருக்கும் நாலு இடத்தில் வேலை. வரிசையில் இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்ற பயம் எங்களுக்கு. அதனால் அன்றைக்கு முழு நாளும் லீவு. ஒரு நாள் கூலி போவதோடு, மாதம் முழுக்க வந்தால் கிடைக்கிற அட்டென்டன்ஸ் போனஸும் போகும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு பேட்லாக் நன்றாக ஓடும், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அக்காவிடம் பழகிக்கொண்டாள். மாஸ்டருக்கும் அது தெரியும். ஆனாலும் டெய்லராக வைக்க மறுத்துவிட்டார். "உங்க முகாம் பொண்ணுக மாசம் ஒரு நாள் மொத்தமா லீவு போட்டுருவீங்க. கைமடி இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்குவேன். டெய்லர் இல்லீன்னா லைனே நின்னுபோகுமுங்க."

நான் சூப்பர்வைசராக இருந்தவள். அந்த மாஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு லைனில் ஓர் ஆள் விட்டால் அவருக்கு முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதாவது, எங்கள் பெண்கள் டெய்லர் ஆகாததற்குக் காரணம் தையல் தெரியாதது இல்லை, செக்கிங் நாள். மூன்று மாதப் பயிற்சியும் முப்பது சான்றிதழும் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கும்?

இதை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசினோம். செக்கிங்கை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா, முடியாவிட்டால் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டோம். எங்கள் பக்கத்து அதிகாரி சார்ட் பேப்பரை முழுவதும் படித்தார். "இது எனக்குத் தெரியாதேம்மா. இத்தனை நாள் யாருமே சொல்லலியே" என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு காலை என்று ஆயிற்று. ஒரு ரூபாய் செலவில்லை. மூன்று மாதத்தில் நாலு பெண்கள் கைமடியிலிருந்து டெய்லர் ஆனார்கள்.

வண்டி விஷயம் இன்னொரு விதத்தில் தீர்ந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு உள்ளூர்ப் பெண்களையும் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். முகாம்காரர்களுக்கு ஒரு சலுகை என்றால் ஊருக்குள் முணுமுணுப்பு வரும். அது தெரியாதது மாதிரி நடந்துகொண்டால் பின்னால் எங்களுக்குத்தான் கஷ்டம். என்னோடு பல வருடம் ஒரே டேபிளில் நின்ற உள்ளூர் அக்கா ஒருத்தர் வந்தார். வண்டி முகாம் வாசலுக்கு வர வேண்டும் என்று எங்கள் பெண்கள் சொன்னதும், மற்றவர்கள் நேரமாகிவிடுமே என்று தயங்கினார்கள். அந்த அக்காதான், "ஏனுங், பத்து நிமிசம் முன்னாடி கெளம்புனா ஆகாதுங்களா? ராத்திரி இந்தப் புள்ளைக இருட்டுல நடந்து போறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது" என்றார். டிரைவரிடமும் அவரே பேசினார். கம்பெனியும் சம்மதித்தது. அந்தக் கூட்டத்தில் அவர் இல்லாமல் நாங்கள் மட்டும் மனுக் கொடுத்திருந்தால் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. என் மகன் இங்கேயே பிறந்தவன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தான். கோவையில் ஒரு தொழிற்சாலையில் இண்டர்வியூவுக்குப் போனான். முந்தின நாள் வரை பெயிண்டிங் போயிருந்ததால் நகத்துக்குள் வெள்ளை பெயிண்ட். தேங்காய் எண்ணெய் தேய்த்து நான்தான் சுரண்டி எடுத்தேன். மிஷின் முன்னால் நிறுத்திக் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். பேப்பர் வாங்கும் இடத்தில் வாக்காளர் அட்டை கேட்டார்கள். இல்லை, ஆதார் இருக்கிறது, முகாம் அட்டை இருக்கிறது என்றான். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, பின்னாடி ஏதாவது பிரச்சினை வந்தா எங்களுக்குச் சிக்கல்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் சட்டையை மாற்றிக்கொண்டு பெயிண்டிங் டப்பாவை எடுத்தான். எங்கள் முகாமிலேயே இப்படிப் படித்துவிட்டுப் பெயிண்டிங் போகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் அகதிக்கு வேலை உரிமை என்று எடுத்துக்காட்ட ஒரு சட்டப் பிரிவு எங்களிடம் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. இதனால் குடியுரிமை வந்துவிடாது. ஆனாலும் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருப்பவரின் பயத்தைக் குறைக்க இதை எடுத்துச் சொல்லலாம். அதற்குத்தான் நாங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாள். மாவட்ட நிர்வாகத்தின் கையெழுத்தோடு, 'இவர் பதிவு பெற்ற முகாம்வாசி, இன்னின்ன அட்டைகளை அடையாளமாக ஏற்கலாம், சந்தேகம் இருந்தால் இந்த அலுவலகத்தைக் கேட்கவும்' என்று. இன்னும் கிடைக்கவில்லை. பயிற்சிக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பைசாகூட இதற்கு வேண்டாம்.

எங்களுக்கு முன்னால் வந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டமும் போட்டது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் இங்கேயும் பறிக்கட்டும் என்று அரசே தீர்மானித்தது. குன்னூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். "எனக்கு அங்க இருந்தப்பவே தேயிலை பிடிக்காது, நான் தையல் கத்துக்கிட்டேன். இங்க வந்து யாரும் கேக்கல, மறுபடியும் கூடையைக் குடுத்தாங்க" என்றார். பேப்பர் கையில் இருந்தவர்களையும் யாரும் கேட்கவில்லை. எங்களைக் கேட்காததற்குப் பேப்பர் இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களைப் போன்ற இடத்துக்குத் திட்டத்தோடு வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கூட்டத்தை வேலை நாளில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் அன்றைய கூலியைக் கொடுங்கள். கொடுக்கத் தயங்குவீர்கள், காசுக்காக வந்தார்கள் என்று ஆகிவிடுமோ என்று. மேடையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் அன்றைய சம்பளத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே கூட்டத்தில் என்றால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள், தனியாக வையுங்கள். முகாம் தலைவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் கம்பெனி வண்டியில் ஏறுகிறவர் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்பதைவிட நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கம்பெனி முதலாளியோடு மட்டும் பேசாமல் லைன் மாஸ்டரையும் கான்ட்ராக்டரையும் பாருங்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். படகுக் கதையைக் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார். கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவைத்தால் அன்றைக்கு அவருக்கு ராத்திரி தூக்கம் போகும், உங்கள் திட்டத்துக்கு அதில் ஒரு தகவலும் கிடைக்காது.

பெயிண்டர்களைப் பற்றி ஒன்று. இருபது வருடம் பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, டெக்ஸ்சர் வரைக்கும் செய்கிறவரைக் கூப்பிட்டுப் பத்து நாள் பெயிண்டிங் வகுப்பு எடுக்காதீர்கள். அவர் கையில் இருக்கும் தொழிலைச் சோதித்துப் பார்த்து அதற்கே சான்றிதழ் கொடுங்கள். சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கட்ட ஒரு பெல்ட், விழுந்தால் குடும்பத்துக்கு ஒரு காப்பீடு. எங்கள் முகாம் லைனில், வேலைக்குப் போன இடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார் ஓர் அண்ணன். அவரிடம் போய்க் கேட்டால் திட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம், எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து படித்துக் காட்டுங்கள். அந்தத் தங்கச்சி அதைச் செய்தாள். இரண்டு மாதம் கழித்து, எட்டுப் பக்கத்தைத் தமிழில் அடித்து எடுத்துவந்து, மரத்தடியில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் தூங்கவில்லை. வண்டி நேரம் ஆறரை என்று இருந்ததை, "அது ஆறே முக்கால், இப்ப வாசலுக்கு வர்றதால ஆறு முப்பத்தஞ்சு" என்று மூன்று பேர் ஒரே குரலில் திருத்தினார்கள். "திறன் குறைந்தவர்கள்" என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்த பேட்லாக் ஓட்டுகிற பெண், "அந்தச் சொல்லை எடுத்துடுங்க" என்றாள். அங்கேயே பேனாவால் அடித்தார்கள்.

அந்தத் தாளின் ஒரு நகல் முகாமில் பிள்ளைகள் படிக்கிற கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கான தேதி கீழே இருக்கும், சனிக்கிழமை மாலை என்று. போன வாரம் பார்த்தேன், யாரோ பால்பாயிண்ட் பேனாவால் அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: "சனி சம்பள நாள். கடைக்குப் போகணும். ஞாயிறு நாலு மணி வையுங்க." நான் அந்தத் தங்கச்சிக்கு போன் போட்டுத் தேதியை மாற்றச் சொல்லிவிட்டேன்.